டிசம்பர் 31-க்குள்

அந்தப் படக் கலைஞர் கேட்டது ஒரே ஒரு உதவிதான். "பணத்தை என் கணக்கில் போட வேண்டாம். பெர்லினில் ஃபிலிம் கழுவும் லேபுக்கு நேரடியாகக் கட்டச் சொல்ல முடியுமா?" 2019 டிசம்பர். மழைக்கோட்டைக் கழற்றாமலே என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "ஒப்பந்தத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது, உங்கள் கணக்குக்குத்தான் போகும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் அரபியில் "மாலேஷ்" என்றார்.

பரவாயில்லை என்றும் அதற்குப் பொருள் உண்டு. விடு, உன்னிடம் பேசிப் பயனில்லை என்றும் உண்டு. அவர் எதைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் கலைஞர்களுக்கு அரசு என்று ஒன்று கிடையாது. எங்களைப் போன்ற சங்கங்கள்தான். உள்நாட்டுப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அஷ்கால் அல்வான் என்ற கலைச் சங்கம் பூங்காக்களிலும் கடற்கரைச் சாலையிலும் காட்சிகள் வைத்தது. 1997-இல் அரபுப் புகைப்பட அறக்கட்டளை தொடங்கியது, 2007-இல் கலைஞர்களுக்கு மானியம் தரும் ஆஃபாக் நிதியம். நான் கணக்குப் பார்த்த சங்கம் அவற்றைவிட மிகச் சிறியது. வெளிநாட்டு நன்கொடையாளர் கொடுப்பதை வாங்கிக் கலைஞர் கையில் சேர்ப்போம், கணக்கு ஒப்படைப்போம்.

அவருக்கு வரவேண்டிய இரண்டாம் தவணை 4,800 டாலர். அப்போது அந்தப் பணம் ஐரோப்பாவில், நன்கொடையாளரிடமே இருந்தது. டிசம்பர் 31-க்குள் வழங்காவிட்டால் மானியம் காலாவதியாகும். அதற்குப் பயந்துதான் அவசரப்பட்டேன். அவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போவதைவிட இது மேல் இல்லையா?

ஆனால் நிலைமை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த அக்டோபரில் அரசுக்கு எதிராக நடந்த போராட்டத்தில் வங்கிகளை இரண்டு வாரம் மூடினார்கள். திறந்த பிறகு வாரத்துக்கு சில நூறு டாலர்தான், வெளிநாட்டுக்கு அனுப்பவும் வழியில்லை. அந்த வரிசையில் நானும்தான் டோக்கன் வாங்கி நின்றேன். வெளியிலிருந்து புதிதாக வரும் பணத்துக்குத் தடை இருக்காது என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னார். நம்பினேன். நம்ப எனக்கு வசதியாக இருந்தது.

பணம் போய்ச் சேர்ந்தது, மாட்டிக்கொண்டது. 2020 கோடையில் வெளிச்சந்தையில் ஒரு டாலர் உள்ளூர்ப் பணத்தில் கிட்டத்தட்ட 8,000 லிரா. வங்கியோ அதே டாலருக்குச் சுமார் 3,900 லிராதான் எண்ணிக் கொடுத்தது. லேபுக்கு லிரா எதற்கு?

அந்த ஜூலையில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார். மேல்தட்டில் லப்னே என்ற கெட்டித் தயிர்க் கிண்ணம், எலுமிச்சை. கீழே 16 மி.மீ. ஃபிலிம் டப்பாக்கள் பதினொன்று, ஒவ்வொன்றின் விளிம்பிலும் டேப் ஒட்டித் தேதி எழுதியிருந்தது. எல்லாம் எடுத்து முடித்த, கழுவாத ஃபிலிம், குளிரில் இருந்தால்தான் தாங்கும். உள்ளே விளக்கு எரியவில்லை. மின்சாரம் அன்று இரண்டு மணி நேரம்கூட வரவில்லை என்றார். டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இல்லை. அவர் கதவை மெதுவாகச் சாத்தினார், பணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஒரு பதில் இருந்தது.

அடுத்த மாதம் துறைமுகம் வெடித்தது. அவர் உயிரோடு இருந்தார், பிறகு நாட்டை விட்டே போய்விட்டார். டப்பாக்கள் என்னவாயின என்று நான் கேட்கவில்லை.

அதே ஆண்டு இன்னொரு கலைஞருக்காக எங்கள் இயக்குநர் அதே நன்கொடையாளருக்கு எழுதினார்: சப்ளையருக்கு நேரடியாகக் கட்ட முடியுமா? மறுநாளே பதில் வந்தது, தாராளமாக என்று. ஒரு மின்னஞ்சல், நாலு வரி. வெடிப்புக்குப் பிறகு எல்லோரும் இளகியிருந்தார்கள், 2019-இல் மறுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருக்கலாம். ஆனால் மறுத்தது அவர்கள் இல்லை, நான்.

இப்போதெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடியாது என்கிறேன். முழு உண்மை அதுவும் இல்லை. போன டிசம்பரிலும் ஒருவருக்கு, கோப்பைப் பிரிக்காமலே, வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படக் கலைஞரின் கோப்பில் நான் எழுதிய கடைசி வரி: தொகை முழுவதும் பயனாளிக்கு வழங்கப்பட்டது. தணிக்கையாளர் பக்கத்திலேயே டிக் போட்டிருக்கிறார்.