சேனை விட்ட இடத்தில் யானை

யானைக்கு அடர்ந்த காடுதான் வேண்டும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். இலங்கையின் உலர் வலயத்தில் கதை வேறு. மாரி மழையை நம்பிக் குரக்கன் (கேழ்வரகு), சோளம், பயறு என்று சேனை போடுவார்கள்; அதாவது, காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பிறகு நிலத்தைத் தரிசாக விடுவது. பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிந்ததும் காவல் பரணை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அப்புறம் யானையின் முறை. மிஞ்சிய தட்டை, புதுப் புல், பற்றைத் தளிர் என்று வறண்ட மாதங்களை அங்கேதான் கழிக்கும். நெடுமரக் காட்டின் நிழலில் இவ்வளவு தீனி தும்பிக்கைக்கு எட்டாது.

இப்போது அம்பாந்தோட்டைப் பக்கம் பல சேனைகள் பாசன நிலமாகிவிட்டன. வருடம் முழுக்கப் பயிர், சுற்றிலும் மின்வேலி. யானையைச் சரணாலயத்துக்குள் துரத்தி அடைத்தால் சரி என்கிறார்கள். உள்ளே தீனி போதாமல் எலும்பும் தோலுமாக நிற்கும் தாயும் கன்றும் யார் கண்ணிலும் படுவதில்லை. தரிசு நிலத்தை 'சும்மா கிடக்கு' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பதறுகிறது.