யோபுவின் நண்பர்கள் பேசாமலே இருந்திருக்கலாம்

ஜூன் 2

பைபிளை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகிறவர்கள் பலரும் லேவியராகமத்துப் பலி விவரங்களுக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்களாம். நான் நேராக யோபுவுக்குப் போகிறேன், ஒரு நல்லவன் எல்லாவற்றையும் இழக்கிற கதை அது. எனக்கு இருப்பது ஒரே கேள்விதான். யாருக்கும் கெடுதல் நினைக்காத என் அக்காவுக்கு ஏன் அந்த நோய் வந்தது, வந்ததே வந்தது, ஏன் அத்தனை மாதம் வலிக்க வேண்டும்? துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் பதில் இருந்தது. நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்வார், எல்லாம் நன்மைக்கே, தாங்குகிறவர்களுக்குத்தான் சோதனை வரும். தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

விளக்கவுரை எதுவும் வேண்டாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் ஒரு பென்சிலும் போதும்.

ஜூன் 4

முதல் இரண்டு அதிகாரத்திலேயே எல்லாம் போய்விடுகிறது. ஆடு, ஒட்டகம், வேலைக்காரர்கள், 7 மகன்கள், 3 மகள்கள், கடைசியில் உடம்பு. ஒருவன் ஓடிவந்து செய்தி சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவன் வந்து நிற்கிறான். படிக்கிற நமக்கு மட்டும் மேலே கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு தெரியும். யோபுவுக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்தை வேறு புரட்டிப் பார்த்துவிட்டேன், அங்கேயும் யாரும் அவனிடம் சொல்லவில்லை!

அப்புறம் நண்பர்கள் வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்து அடையாளமே தெரியாமல் ஓவென்று அழுதுவிட்டு, 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே பென்சிலால் கோடு போட்டேன். என்னோடு அப்படி உட்கார்ந்திருந்தது ஒரே ஒருத்தி, அவளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

ஜூன் 9

4ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் வாயைத் திறக்கிறான், பிறகு அடங்குவதாக இல்லை. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று முறை வைத்துப் பேசுகிறார்கள், மூவர் சொல்வதும் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: கடவுள் நீதியுள்ளவர், நீ கஷ்டப்படுகிறாய், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய், ஒத்துக்கொள். எலிப்பாஸ் முதலில் இதமாகத்தான் தொடங்குகிறான். 22ஆம் அதிகாரத்துக்கு வரும்போது, நீ விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினாய் என்று ஆதாரமே இல்லாமல் பழிபோடுகிற அளவுக்குப் போய்விடுகிறான். தன் சித்தாந்தம் உடையக் கூடாது என்பதற்காக நண்பனைக் குற்றவாளி ஆக்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

யோபுவும் லேசில் விடுகிறவன் இல்லை. “நீங்கள் எல்லாரும் காரியத்துக்குதவாத வைத்தியர்கள்” என்கிறான். மரண வீட்டுக்கு வந்து உபதேசம் செய்கிறவர்களுக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம். ஆனால் உள்ளபடி சொன்னால் நடுவில் பல பக்கங்கள் அலுப்புதான், நாலாவதாக எலிகூ என்ற இளைஞன் வந்து பேசுகிற 6 அதிகாரங்களை வேகமாகக் கடந்துவிட்டேன்.

ஜூன் 13

38ஆம் அதிகாரம். கடைசியில் கடவுள் பேசுகிறார், பெருங்காற்றிலிருந்து. “நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?” இதற்காகவா இத்தனை அதிகாரம் காத்திருந்தேன் என்று எரிச்சல் வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் போய்ப் பொது அறிவுக் கேள்வியா கேட்பது? காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார், வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, தீக்கோழி ஏன் முட்டையை மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது? யோபு கேட்டதற்கு இதில் எதுவும் பதில் இல்லை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ராத்திரி மறுபடி எடுத்தேன். மனுஷரே குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்கிறது என்று ஒரு இடம் வருகிறது. அங்கே பெய்கிற மழை யாருக்கும் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. நீ நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று நண்பர்கள் போட்ட கணக்குக்குள் அந்த மழை வரவே வராது. அக்காவின் நோயையும் அந்தக் கணக்குக்கு வெளியே வைத்துப் பார்க்கலாமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.

ஜூன் 14

42ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனத்தை எனக்கு யாருமே சொல்லவில்லை! கடவுள் எலிப்பாஸைப் பார்த்து, உன்மேலும் உன் நண்பர்கள் இருவர்மேலும் கோபமாக இருக்கிறேன், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்துப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் மேல் கோபம், கடவுளையே வழக்குக்கு இழுத்தவன் பேசியது சரி. யோபுவின் பொறுமை என்று சொல்கிறார்களே, அதெல்லாம் முதல் இரண்டு அதிகாரத்தோடு சரி. மிச்சத்தில் அவன் கத்துகிறான்.

முடிவு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ஆடும் ஒட்டகமும் இரட்டிப்பாகத் திரும்புகின்றன. மறுபடியும் 7 மகன்கள், 3 மகள்கள். மகள்களுக்குப் பெயரும் (எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக்) சகோதரர்களோடு சொத்திலே பங்கும் கிடைக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் முதல் 10 பேர்? எண்ணிக்கை சரியாகிவிட்டால் இழப்பு சரியாகிவிடுமா?

ஜூன் 24

ஒரு உறவினர் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 29:11ஐ அனுப்பியிருந்தார், பூப்படத்தின் மேல். தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள் என்று வருமே, அந்த வாக்குத்தத்த வசனம். ஒரு வசனத்தை மட்டும் படிப்பதில்லை என்று இப்போது பழக்கம் ஆகிவிட்டதால் 29ஐ முழுதாகப் படித்தேன். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று சொல்கிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்கிறது. சரியாக முந்தின வசனத்தில், 10இல், 70 வருஷம் என்று இருக்கிறது. அன்றைக்குக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேயே செத்திருப்பார்கள்.

வசன எண்களே பின்னால் வந்தவைதான். புதிய ஏற்பாட்டில் இப்போது இருக்கிற எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் 1551இல் போட்டார். தேடி எடுக்க வசதி, வெட்டி எடுக்கவும் வசதி.

அந்த உறவினருக்கு நன்றி மட்டும் சொன்னேன். 70 வருஷத்தைப் பற்றிப் பேசினால் சண்டை வரும்.

ஜூலை 1

சங்கீதம் 88. மற்றப் புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு துதி வந்துவிடும், இதில் அதுவும் கிடையாது. இருட்டில் தொடங்கி, தோழர்கள் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. இதையும் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அந்த ஆட்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஜூலை 8

யோவான் 11. லாசரு சுகமில்லாமல் இருக்கிறான் என்று தெரிந்தும் இயேசு இன்னும் 2 நாள் இருந்த இடத்திலேயே தங்குகிறார். அவர் வந்து சேரும்போது அவன் செத்து 4 நாள் ஆகிவிட்டது. அவன் சகோதரி மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொல்கிற முதல் வார்த்தை, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான். பிறகு இன்னொரு சகோதரி மரியாள் வந்து அதையே அப்படியே சொல்கிறாள். 4 நாளாக வீட்டில் இரண்டு பேரும் இதையேதான் மாற்றி மாற்றிப் பேசியிருப்பார்கள். எனக்கு அது தெரியும், அம்மாவும் நானும் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதம் முன்னாலேயே போயிருந்தால் என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. மரியாள் அழுவதைப் பார்த்துத் தானும் அழுகிறார். அப்புறம் லாசரு எழுந்து வருகிறான். என் அக்கா வரவில்லை. இந்த இடத்தில் எனக்குத் தாண்டத் தெரியவில்லை.

ஜூலை 15

அப்போஸ்தலர் 8இல் என்னைப்போல் ஒருவர். எத்தியோப்பிய ராணியின் கஜானாவுக்குப் பொறுப்பானவர், ரதத்தில் உட்கார்ந்து தனியாக ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் படித்துக்கொண்டு போகிறார். படிப்பது புரிகிறதா என்று பிலிப்பு என்ற பிரசங்கி கேட்க, “ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்” என்கிறார். சரி, எனக்கும் அந்த நேரம் வந்துவிட்டது. லாசரு கதையைத் தனியாக எத்தனை முறை படித்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்த தோழிக்கு இன்று போன் செய்தேன். நன்றியும் சொன்னேன். அவள் சின்ன வயதிலிருந்தே வேதம் வாசிக்கிறவள், வாரம் ஒருநாள் சேர்ந்து படிக்கலாம் என்கிறாள். நான் கேட்டால் மட்டும் விளக்கம் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டு, அப்போ ஆபகூக்கில் தொடங்கலாம், 3 அதிகாரம்தான், அவனும் உன்னைப்போல எடுத்த எடுப்பிலேயே புகார்தான் என்றாள்.