வெட்டுத் துண்டுகளில் தைத்துப் பார்த்தவை

கல்லடியில் மச்சாள் பிளவுஸ் தைக்கிறார். அவருடைய மெசினுக்குக் கீழே எப்போதும் ஒரு ஷொப்பிங் பேக் நிறைய வெட்டுத் துண்டுகள் கிடக்கும். தீபாவளி வந்தால் இரண்டு பேக். அதைக் கேட்டு வாங்கிவந்து, கொஞ்சக் காலமாகச் சின்னச் சின்னச் சாமான்கள் தைத்துப் பார்க்கிறேன்.

துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிக்கத்தான் முதலில் கை போகும். என் அனுபவத்தில் துணி என்ன துணி என்று பார்த்துப் பிரிப்பதுதான் வேலைக்கு உதவுகிறது. சந்தேகமானால் ஒரு நூலை உருவி, குறட்டால் பிடித்துக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி, ஆறியதும் கட்டியாக இறுகிவிடும். இரண்டும் கலந்த துணி எரியவும் செய்யும், ஓரம் உருகவும் செய்யும்.

வழுக்குகிற பொலியெஸ்டர், சற்றின் துண்டுகள் எல்லாம் தலைமுடிக்குப் போடும் ஸ்க்ரன்சிக்குப் போயின. 50 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், உள்ளே 20 சென்ரிமீற்றர் இலாஸ்டிக். பிளவுஸ் வெட்டில் 50 நீளத்துக்குத் துண்டு எங்கே கிடைக்கும்? கைக்குழியில் வெட்டியது எல்லாம் பிறை வடிவில்தான் இருக்கும். ஆகவே இரண்டு மூன்றை ஒட்டுப்போடுகிறேன். சுருக்கத்துக்குள் ஒட்டு தெரியாது. ஒட்டுத் தையலின் ஓரங்களை இரண்டு பக்கமும் விரித்து அயன் பண்ணிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலாஸ்டிக் கோத்த ஊக்கு அங்கே போய் மாட்டிக்கொள்ளும். நிறம் பொருந்தாத துண்டுகளைச் சேர்த்ததுதான் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

கைத்தறி வேறு கதை. மருதமுனைச் சாறன் ஒன்றைக் கட்டையாக்கியபோது மிஞ்சிய துண்டு வீட்டில் இருந்தது. நல்ல கனம், கோடுகளும் அழகு. ஆனால் கத்தரிக்கோல் பட்டதும் ஓரம் நூல் நூலாகக் கழன்று வரும். என்னுடையது பழைய கால் மெசின், நேர்த்தையல் மட்டும்தான் போடும், வளைந்து வளைந்து ஓடி ஓரம் பிரியாமல் பிடிக்கும் சிக்சாக் தையல் இல்லை. அதனால் வெட்டப்போகும் கோட்டின் இரண்டு பக்கமும் முதலே ஒரு தையல் ஓட்டிவிட்டு நடுவால் வெட்டுகிறேன். சிறு பை என்றால் இரட்டைத் தையல்: துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க அரைச் சென்ரிமீற்றரில் ஒரு தையல், ஓரத்தை ஒட்ட நறுக்கி, உட்புறம் திருப்பி, அதைவிடக் கொஞ்சம் அகலமாக இன்னொரு தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். ஊசி 14ஆம் நம்பர். மெல்லிய துணிக்குப் போடும் 11 இதற்குத் தாங்காது.

அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணிக்குப் பருத்தி மட்டும்தான். பொலியெஸ்டர் சூட்டில் உருகும், கையில் ஒட்டினால் பெரிய காயம். மேலே கைத்தறி, உள்ளே பழைய துவாய் இரண்டு மடிப்பு. எல்லாவற்றையும் தைக்கும் முன் ஒருமுறை கழுவிக் காயவிட்டேன். துவாயும் கைத்தறியும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை, பிறகு கழுவினால் கோணலாகிவிடும். மாமி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, கரிச்சட்டி புடிக்கவா இவ்வளவு வடிவாத் தைச்சிருக்காய்?" என்றார். இன்னும் பாவிக்கவில்லை, அலுமாரியில் வைத்திருக்கிறார்.

இப்போது மெசினில் இருப்பது சிப் வைத்த காசுப் பை. நைலோன் சிப் நீளமாக இருந்தாலும் பிரச்சினையில்லை, வேண்டிய இடத்தில் பல்லின் மேல் கையால் நாலைந்து தையல் இறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வெட்டலாம். உள்துணிக்கு பிளவுஸ் லைனிங் துண்டுகளே போதும். சிப்பின் ஓரமாகத் தைக்க மெசினில் மாட்டும் ஒற்றைப் பாதம் ஒன்று வேண்டும், மச்சாளிடம் இருக்கிறது. அவருடைய கலியாணச் சீசன் ஓடர்கள் முடியட்டும், கேட்டு வாங்க வேண்டும்.