குறி தவறும் குண்டுகள் (நாட்குறிப்பு, 2016)

4 மார்ச், வெள்ளி

லெக்ஸா செத்துவிட்டாள்.

4 மார்ச், இரவு

அமெரிக்காவில் வியாழன் இரவு ஒன்பது, நமக்கு வெள்ளி காலை ஏழரை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'தி 100', மூன்றாம் சீசன், ஏழாம் பகுதி. வரிசையை எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்லக்கூடாது. நாயகி கிளார்க்கும் லெக்ஸாவும் முதன்முறையாகக் கட்டிலில். கிளார்க் தன் அறைக்குத் திரும்புகிறாள். அங்கே லெக்ஸாவின் ஆலோசகன் டைட்டஸ் துப்பாக்கியோடு நிற்கிறான். துப்பாக்கியே பிடித்துப் பழகாதவன், குறி கிளார்க்குக்கு. சத்தம் கேட்டு லெக்ஸா கதவைத் திறக்கிறாள். குண்டு அவள் வயிற்றில்.

மூன்று பகுதிகளுக்கு முன்புதான் ரோவானோடு ஒற்றைக்கு ஒற்றை மோதி ஜெயித்து, ஈட்டியை எறிந்து எதிர்த்து நின்ற ராணி நியாவை வீழ்த்தினாள். பன்னிரண்டு குலங்களைச் சேர்த்துக் கட்டிய தளபதி. அவளுக்குப் போர்க்களமும் இல்லை, எதிரியும் இல்லை, ஒரு முடிவெடுக்கக்கூட நேரம் இல்லை. கதவைத் திறந்தாள், அவ்வளவுதான்.

5 மார்ச்

டாரா. 7 மே 2002, 'பஃபி' தொடரின் ஆறாம் சீசன். பிரிந்திருந்த காதலிகள் வில்லோவும் டாராவும் சேர்ந்துவிடுகிறார்கள். தோட்டத்தில் நிற்கும் நாயகி பஃபியை வாரன் சுடுகிறான். ஒரு குண்டு மாடி ஜன்னல் வழியாக வந்து டாராவின் நெஞ்சில் பாய்கிறது. வில்லோவின் சட்டையில் ரத்தம். டாராவாக நடித்த ஆம்பர் பென்சன் பெயர் தொடக்க வரிசையில் நடிகர் முகங்களோடு வந்ததே அந்த ஒரு பகுதியில்தான்.

பதினான்கு ஆண்டு இடைவெளி. இரண்டிலும் கட்டில், இரண்டிலும் துப்பாக்கி, இரண்டிலும் குண்டு வேறொருத்திக்கு வைத்தது.

குறி தவறிய குண்டு எழுதுகிறவருக்கு வசதி. கொல்கிறவனுக்கு அவள்மேல் பகை வேண்டாம், அதனால் முன்னதாக எதையும் விதைக்க வேண்டாம். அவளுக்குக் கடைசியாக ஒரு செயல் எழுத வேண்டாம். எஞ்சுகிறவளின் கோபம் மட்டும் அடுத்த பகுதிகளுக்கு எரிபொருளாகக் கிடைத்துவிடும். வில்லோவை அப்படித்தான் அந்த சீசனின் வில்லியாக்கினார்கள்.

9 மார்ச்

தூக்கம் இல்லை. அந்தக் கதவு.

14 மார்ச்

ஆட்டோஸ்ட்ராடில் என்ற எல்ஜிபிடி பெண்களுக்கான இணைய இதழ் ஒரு பட்டியல் போட்டிருக்கிறது: தொலைக்காட்சியில் இறந்த லெஸ்பியன், பைசெக்ஷுவல் (இருபாலீர்ப்புள்ள) பெண்கள், யார் எப்படி இறந்தார்கள் என்று. 65 பேரில் தொடங்கியது. வாசகர்கள் விட்டுப்போனவர்களைச் சொல்லச் சொல்ல ஏறிக்கொண்டே போகிறது.

"எல்லாத் தொடரிலும் எல்லோரும்தானே சாகிறார்கள்" என்பவர்களுக்கு ஊடகங்களில் எல்ஜிபிடி சித்திரிப்பைக் கண்காணிக்கும் கிளாட் அமைப்பின் இந்த ஆண்டு அறிக்கையைக் காட்டலாம். அமெரிக்கப் பொது அலைவரிசைகளில் மாலை நேரத் தொடர்களின் நிலையான பாத்திரங்கள் 881. அதில் எல்ஜிபிடி (பாலீர்ப்பு, பாலினச் சிறுபான்மையினர்) 35, அதாவது 4 சதவீதம். இந்த 35-இல் ஆண்களும் அடக்கம். 846 பேரில் ஒருவர் போனால் அதே மாதிரி வேறு பலர் திரையில் இருப்பார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி போனால் சில சமயம் அந்த அலைவரிசையிலேயே வேறு ஆள் கிடையாது.

21 மார்ச்

'வாக்கிங் டெட்'. டெனிஸ். பேசிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில், கண்ணைத் துளைத்துக்கொண்டு அம்பு. காதலியிடம் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். மூலக் கதையான காமிக்ஸில் அந்த அம்பில் சாவது ஆபிரகாம். ஆக, ஒரு ஆணின் சாவைத் தூக்கி இவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவள் காதலியின் பெயரும் டாரா.

பதினேழு நாளில் இரண்டு.

25 மார்ச்

'தி 100' தயாரிப்பாளர் ஜேசன் ராதன்பர்க் நீண்ட கடிதம் வெளியிட்டிருக்கிறார். மறுபடி எழுதக் கிடைத்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாராம். உச்ச மகிழ்ச்சிக்குப் பின்னாலேயே உச்சத் துயரத்தை வைத்தது வாழ்க்கை எவ்வளவு நிலையில்லாதது என்று காட்டத்தானாம். மன்னிப்பு கேட்டதை மதிக்கிறேன். ஆனால் ஜனவரியில் வான்கூவரில் கடைசிப் பகுதியின் படப்பிடிப்பு வெட்டவெளியில் நடந்தது. லெக்ஸா வேடத்தில் நடிகையை ரசிகர்கள் நேரில் பார்த்தார்கள். உயிரோடு இருக்கிறாள் என்று எத்தனை சின்னப் பெண்கள் நம்பினார்கள். அதை அவர் தரப்பு வளரவிட்டது.

நடிகையின் தேதிப் பிரச்சினை நிஜம்தான். அலிசியா டெப்னம்-கேரி 'ஃபியர் தி வாக்கிங் டெட்'டில் நிலையான நடிகை, இங்கே கடனாக வருகிறவர். ஆனால் தேதி இல்லை என்றால் பாத்திரத்தைக் கதையை விட்டு வெளியே அனுப்பினால் போதும், கொல்ல வேண்டியதில்லை. அவள் ஒரு தளபதி. வடக்கே ஒரு குலம் கலகம் செய்கிறது, படையோடு போகிறாள் என்று ஒரு வசனம் எழுதலாம். லெக்ஸாவின் தலைநகரமான போலிஸை முற்றுகைக்குள் வைத்தால் கிளார்க் வெளியே மாட்டிக்கொள்வாள், இருவருக்கும் காட்சி தேவைப்படாது. ஆண்டுக்கு ஒரு பகுதி தேதி கிடைத்தாலும் அந்தக் காதலை உயிரோடு வைத்திருக்கலாம்.

கொல்லத்தான் வேண்டுமென்றால்? கட்டில் காட்சியிலிருந்து குறைந்தது ஒரு முழுப் பகுதியாவது தள்ளி வை. சாவை அவள் எடுக்கும் முடிவிலிருந்து வர வை. தொடரில் இன்னொரு பெண் ஜோடி ஏற்கெனவே நிலைத்திருக்கட்டும். இந்த மூன்றுக்கும் காசு செலவில்லை, எழுத்தாளர்கள் கூடும் அறையில் ஒரு பிற்பகல் போதும்.

31 மார்ச்

'எம்பயர்' தொடர். மிமி, அவள் மனைவி கமிலா. ஒரே பகுதியில் இருவரும் செத்தார்கள்.

18 ஏப்ரல்

கமிலாவை விட்டு மனம் நகரவில்லை. இருபாலீர்ப்புள்ள பெண்ணைத் திரையில் எழுதும்போது கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: கதைக்கு ஒரு துரோகி வேண்டும், இரண்டு பக்கமும் போகிறவள் என்பதால் அந்த வேலை அவளுக்குப் போய்விடுகிறது. ஆணோடு காதல், பெண்ணோடு கணக்கு.

'தி 100'இன் கிளார்க்கை முதல் சீசனில் ஃபின் என்ற பையனோடு காட்டினார்கள். இரண்டாவதில் லெக்ஸாவின் முத்தம். மூன்றாவதின் தொடக்கத்தில் நைலா என்ற பெண். எங்கும் அவள் குழம்பவில்லை, யாரும் அவளிடம் விளக்கம் கேட்கவில்லை. அது நன்றாக எழுதப்பட்டது, அதனால்தான் இத்தனை வலி. ஒரு குறை மட்டும்: அவள் வாயால் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டால் பக்கத்தில் ஆண் நின்றால் பார்வையாளர் அவளை ஒரு கணக்கில் சேர்ப்பார், பெண் நின்றால் இன்னொரு கணக்கில். அவள் அவளாக எந்தக் கணக்கிலும் வரமாட்டாள்.

11 மே

'பர்சன் ஆஃப் இன்டரஸ்ட்'. ஷா தப்பித்துக் காதலி ரூட்டிடம் வந்துவிட்டாள் என்று நாற்பது நிமிடம் நம்ப வைத்தார்கள். கடைசியில் ரூட்டைக் கொல்லாமலிருக்கத் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். அத்தனையும் எதிரி அவள் மூளைக்குள் ஓட்டிய ஒத்திகை, எண் 6741. ஒத்திகையிலும் துப்பாக்கிதான். இன்னும் சில பகுதிகளே மீதி. ரூட்டுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

20 மே

நேற்றிரவு அங்கே எட்டு மணிக்கு 'கிரேஸ் அனாடமி'யின் சீசன் முடிவு. ஒன்பது மணிக்கு 'தி 100'இன் முடிவு.

எட்டு மணி: பத்தாண்டாக இருந்த சாரா ராமிரெஸ் தொடரை விட்டுப் போகிறார். அவர் நடித்த காலி டோரஸ் என்ன ஆனாள்? நியூயார்க் போகிறாள், காதலி பென்னி இருக்கும் ஊருக்கு. மகளுக்காக நீதிமன்றம் வரை சண்டை போட்ட முன்னாள் மனைவி அரிசோனாவே விமான டிக்கெட்டுகளைக் கையில் கொடுத்து, குழந்தையை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறாள். இதே காலிதான் போன சீசன்களில் தான் பைசெக்ஷுவல் என்று உரக்கச் சொன்னவள். கணவன் இருந்தான், மனைவி இருந்தாள், இப்போது இன்னொரு பெண். நடிகை போய்விட்டார், பாத்திரம் உயிரோடு இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பலாம்.

ஒன்பது மணி: லெக்ஸா சில நிமிடம் வந்தாள், ஒரு கணினி உலகத்துக்குள், வாளோடு. கிளார்க் தன் காதலை அங்கேதான் சொன்னாள். அழகாக இருந்தது. அழுதேன். மார்ச்சில் அவளுக்கு எழுதியிருக்க வேண்டிய சண்டை இது.

ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு விடையும் திரையில் வந்துவிட்டன.

1 ஜூன்

ரூட். 'பர்சன் ஆஃப் இன்டரஸ்ட்', நூறாவது பகுதி. ஒரு குறிபார்ப்பவனின் குண்டு. அவள் கடைசி மூச்சைக்கூடக் காட்டவில்லை. தொடரில் வரும் செயற்கை அறிவு இயந்திரம் அவள் குரலை எடுத்துக்கொண்டு பேசுகிறது. குரல் இருக்கிறது, அவள் இல்லை. ஷா எதைக் கட்டிக்கொள்வாள்?

4 ஜூன்

கனடாவில் 'சேவிங் ஹோப்' தொடரில் வேலை செய்கிறவர்கள் லெக்ஸா பெயரில் ஓர் உறுதிமொழி எழுதியிருக்கிறார்கள். குயர் (எல்ஜிபிடி) பாத்திரங்களுக்கு அவர்களுக்கே உரிய கதை. எழுதுமுன் அந்தச் சமூகத்து ஆட்களிடம் கேட்பது. எதிர்பாலீர்ப்புள்ள பாத்திரத்தின் கதையை நகர்த்துவதற்காக மட்டும் குயர் பாத்திரத்தைக் கொல்லாதிருப்பது. ரசிகர்களுக்கு ஆசை காட்டி ஏமாற்றாதிருப்பது. பொத்தாம்பொதுவான நல்லெண்ணமாக இல்லாமல் எழுத்து மேசையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும்படி இருக்கிறது. எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள்?

13 ஜூன்

ஆர்லாண்டோ. எல்ஜிபிடி இரவு விடுதியில் துப்பாக்கிச்சூடு. 49 பேர். இன்று எந்தத் தொடரையும் திறக்க முடியாது.

17 ஜூன்

டெல்ஃபின் உயிரோடு இருக்கிறாள்! 'ஆர்ஃபன் பிளாக்'. போன ஜூனில் சுடப்பட்டவள். காதலி கோசிமாவின் உடம்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

19 ஜூன்

பூசே. 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்'. எழுத மாட்டேன். சிறைக் காவலரின் முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்பினப் பெண், அது வேறொரு நீண்ட பட்டியலிலும் சேரும் சாவு. அங்கே எழுதியவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. இருந்தாலும் பூசே.

25 ஜூன்

'வைனோனா அர்ப்', முதல் சீசன் முடிவு. நிக்கோலைச் சுட்டார்கள். அவள் காதலி வேவர்லி அலறிக்கொண்டு ஓடி வந்து சட்டையை விலக்குகிறாள். உள்ளே குண்டு துளைக்காத கவசம்!

போலீஸ்காரி. கவசம் போட்டிருப்பாள். முன்பகுதிகளில் தனியாக எதையும் விதைக்கத் தேவையில்லை, அவள் தொழிலிலேயே விடை இருந்தது. துப்பாக்கி உண்டு, பதற்றம் உண்டு, வேவர்லியின் அலறல் உண்டு, காட்சிக்கு வேண்டிய எதுவும் குறையவில்லை. இந்தக் காட்சியை எழுதும் அறையில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் போட்டுக் காட்ட வேண்டும். சுடுவது யார், குறி யாருக்கு, சட்டையைத் திறக்க எத்தனை நொடி என்று மறுபடி ஓட்டிக் குறித்துக்கொண்டிருக்கிறேன், டெல்ஃபினையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.