சாத்தாத கதவு: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 3
சாரல் முகப்பைத் தாண்டி வளவு வரைக்கும் வந்துவிட்டது. கதவைச் சாத்தவில்லை. இவுக சாத்த விடமாட்டாக.

நவம்பர் 5
முட்டிக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருத்தர், கால் மரத்துப் போனதற்கு வேறொருத்தர். ஆளுக்கொரு சீட்டு. பஸ்ஸில் வரும்போது இவுக முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த மனுஷரை முழுசாகப் பார்க்கிற டாக்டர் யார்?

மருந்துக்குக் கஷ்டமில்லை. 2003 ஏப்ரலில் முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கான வைத்தியத் திட்டம் இசிஹெச்எஸ் வந்ததிலிருந்து அந்தக் கவலை போச்சு, அதை எங்கேயும் சொல்வேன். பெரிய ஆஸ்பத்திரித் தேதிதான் இன்னும் வரவில்லை.

நவம்பர் 6
மகள் பாப்பா அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து பேசினாள். அவள் நர்ஸாக இருப்பது அந்த ஊர் முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கான ஆஸ்பத்திரி. நோயோடு சேர்த்து, "உங்களுக்கு எது முக்கியம், எதுக்காக நல்லா இருக்கணும்னு நினைக்கிறீங்க" என்றும் கேட்டு எழுதி வாங்குகிறார்களாம். வைத்தியத் திட்டத்தை அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்களாம். ஹோல் ஹெல்த், அதாவது முழு ஆரோக்கியம் என்று பெயர். 2018இல் 18 இடங்களில் பெரிய அளவில் தொடங்கியது. வலி மாத்திரைக்கு அடிமையாகிச் சீரழிந்தவர்கள் அங்கே ஏராளம், அதுவும் ஒரு காரணம் என்றாள். யோகா, தியானம், அக்குபஞ்சர், தாய்ச்சி என்கிற சீனத்துப் பயிற்சி, மசாஜ் எல்லாம் உண்டு. அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்வதில்லை, கூடவே இதுவும். ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஆள். சுற்றிலும் சாப்பாடு, தூக்கம், இருக்கிற வீடு, சொந்தபந்தம், மனசு, சாமி.

இருக்கிற வீடு என்றதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

கேள்வித்தாளை அனுப்பச் சொன்னேன்.

நவம்பர் 8
தமிழில் எழுதி வாசித்துக் காட்டினேன். "எதுக்காக உங்க உடம்பு நல்லா இருக்கணும்?"
"குழம்பு சுட வச்சியா?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டாக.

நவம்பர் 9
கதவு. திரும்பவும் கதவு. மெட்ராஸிலிருந்து வீட்டுக்கார ஆச்சி போனில், "ராத்திரி வாசக்கதவைப் பூட்டிப்புடுறீகள்ல?" என்றாக. "ஆமா ஆச்சி" என்றேன்.

நவம்பர் 12
தீபாவளி. விடியுமுன்னே வெடிச் சத்தம். இவுக மூன்றாம் கட்டில் போய் உட்கார்ந்துகொண்டு ரேடியோவை அலற வைத்தாக. கந்தரப்பம் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, "தாத்தா, ஒரு புஸ்வாணம் மட்டும் விடட்டுமா, அது வெடிக்காது" என்றான். அதற்கு எழுந்து வந்தாக. விரலில்லாத காலைத் திண்ணையில் நீட்டி, கடைசிப் பொறி அடங்குகிறவரை பார்த்தாக. அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது, கேட்டுவிட்டு வெடிக்கணும் என்று? ஊர் முழுக்க அப்படிக் கேட்டால் என்ன குறைந்துவிடும்!

நவம்பர் 15
அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவு. சின்ன வயசு டாக்டரம்மா. பசி, மலம், கனவு வரைக்கும் கேட்டது. இவுக பட்டாளத்தில் இருந்தது சியாச்சின் பனிமலையில் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. தைலம் கொடுத்து முட்டிக்கு மட்டும் தேய்க்கச் சொன்னது. காலுக்குச் சூட்டு ஒத்தடம் கூடவே கூடாது, சர்க்கரைக் காலில் உணர்ச்சி இருக்காது, வெந்து போனாலும் தெரியாது என்றது. சர்க்கரை மாத்திரையை விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னது.

நவம்பர் 18
சனிக்கிழமை. எண்ணெய் முழுக்கு. வெந்நீரில் என் கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன். ராத்திரி கொஞ்சம் தூங்கினாக.

நவம்பர் 19
தூங்கவில்லை. விடிய விடிய நடை.

நவம்பர் 22
தானாகவே சொன்னாக. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

"கதவைச் சாத்திட்டுத் தூங்கணும். அதுக்குத்தான்."

பிறகு நிறைய. கூடார வாசலைப் பனி மூடிக்கொண்டே வருமாம். முறை வைத்து ராத்திரியெல்லாம் வெட்டித் தள்ளணும். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு, வாசல் மூடினால் புகையில் மூச்சு நின்றுவிடும். இவுக முறையின்போது ஒருநாள் என்று ஆரம்பித்தாக. மேலே சொல்லவில்லை. மோரை ஊற்றிக்கொடுத்தேன்.

இத்தனை வருஷம் திருட்டுப் பயம் இல்லாத மனுஷர் என்று ஊரெல்லாம் பேசுகிறது.

நவம்பர் 23
பாப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "முதல்ல அரைக் கதவு சாத்துங்கம்மா, அப்பா சரின்னாத்தான்" என்றாள். மனசுக்கான டாக்டரையும் கட்டாயம் பார்க்கணுமாம்.

நவம்பர் 26
கார்த்திகை. காற்றில் விளக்கு நிற்கவில்லை. இவுகளே எழுந்து ஒற்றைக் கதவை மட்டும் சாத்தினாக.

நவம்பர் 28
தேதி வந்துவிட்டது, நாளை மறுநாள். சீட்டுகளுக்கு மேலாகக் கேள்வித்தாளை வைத்திருக்கிறேன். டாக்டர் முதலில் அதைப் படிக்கட்டும். மனசுக்கான டாக்டருக்கும் சேர்த்து எழுதிக் கேட்கணும். பஸ் காலை 5 மணிக்கு, இட்லி ராத்திரியே