போர்டு போச்சு சார்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் என்னிடம் வேலை பழகும் அந்தத் தம்பி சொல்லாமலே இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தாது. ஆனால் சொன்னான். பழைய மதர்போர்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணா, இந்த ஸ்டாண்டாஃபுக்கு நேரா போர்டுல ஓட்டையே இல்லண்ணா" என்றான். ஸ்டாண்டாஃப் என்றால் போர்டு கேபினெட் தகட்டைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கும் சின்ன உலோகத் தூண்; போர்டின் ஓட்டை வழியாக ஸ்க்ரூ அதில்தான் இறங்கும். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரி, அதைக் கழட்டிப் போட்டுட்டு புது போர்டை மாட்டு" என்றேன்.

போர்டு போய்விட்டது என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். பீப் கிடையாது, டிஸ்ப்ளே கிடையாது. ராமைக் கழற்றிப் பார்த்தேன், கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பார்த்தேன், பேட்டரியை எடுத்து பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் புரோகிராம்) செட்டிங்கை அழித்துப் பார்த்தேன், நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸையும் (மின்சாரம் தரும் பெட்டி) மாட்டிப் பார்த்தேன், அதே அரைச் சுற்றுதான். கடைசியாக 24 பின் கனெக்டரில் 12 வோல்ட் வரும் இடத்துக்கும் கிரவுண்டுக்கும் மல்டிமீட்டரை வைத்தால் நிற்காமல் கத்துகிறது. ஷார்ட், அதாவது மின்சாரம் போகக்கூடாத வழியில் நேராக கிரவுண்டுக்குப் போகிறது. ஏதோ ஒரு கெபாசிட்டர் போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இல்லை, யார் இருந்தாலும் என்பது சும்மா. போர்டை வெளியே எடுத்து அட்டைப் பெட்டி மேல் வைத்து ஒருமுறை ஆன் செய்து பார்ப்பது, நானே அந்தத் தம்பிக்கு முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்த பாடம். அன்றைக்கு வரிசையில் இன்னும் ஆறு மெஷின் காத்திருந்தது, அவ்வளவுதான்.

வாடிக்கையாளரும் சொல்லியிருந்தார். "கேபினெட் மட்டும்தான் சார் மாத்தினேன், அதுக்கப்புறம் ஆன் ஆகவே இல்ல." வேறு எந்தத் தடயமும் தேவையே இல்லை. எனக்கோ அது, 'வெறுங்கையால் தொட்டு ஸ்டாட்டிக் மின்சாரத்தில் போர்டைச் சாகடித்திருக்கிறார்' என்று கேட்டது. சொந்தமாக அசெம்பிள் செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் இளக்காரமும் அதில் கலந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து, அவர் வேண்டாம் என்று விட்டுப் போன அந்த போர்டை பயாஸ் சிப்புக்காகக் கையில் எடுத்தேன். வேலையைத் தொடங்குமுன் எதற்கோ மல்டிமீட்டரை வைத்தேன், கத்தவில்லை. பிராசஸரும் ராமும் போட்டு ஆன் செய்தேன். ஒரே ஒரு சின்ன பீப், உடனே டிஸ்ப்ளே.

ஷார்ட் என்று நான் சொன்னது சரிதான். ஆனால் அது போர்டில் இல்லை, போர்டுக்கு அடியில் இருந்தது. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டுக்கு மட்டும் தேவைப்படும் இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப், அதன் மேல் முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டு. ஸ்டாண்டாஃபின் தலை, கார்டு செருகும் பிசிஐ ஸ்லாட்டின் சால்டர் முனையைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

சரி, தப்பு நடக்கும். அவரை உடனே கூப்பிட்டேன், அதுவரைக்கும் நான் நேர்மையாகத்தான் இருந்தேன். ஆனால் அவர் "ஹலோ" என்றதும் என் வாயில் வந்தது, "சார், உங்க பழைய போர்டை ரெடி பண்ணிட்டோம், வந்து எடுத்துக்கங்க."

ரெடி பண்ணிட்டோம்.

எவ்வளவு தரணும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். இந்தக் காலத்தில் இப்படி யார் சார் இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துவிட்டார். தம்பி பக்கத்து மேஜையில் ஸ்க்ரூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் புது போர்டின் காசைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், அது என் கடை இல்லை, முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் முதலாளியிடமும் நான் போய்க் கேட்கவில்லையே. போர்டு வாடிக்கையாளருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, அதனால் நஷ்டம் பாதிதான் என்று ஒரு கணக்கும் வைத்திருக்கிறேன். அவருக்கு இப்போது இரண்டு போர்டு, தேவை ஒன்றுதான்.

தம்பி இப்போதெல்லாம் எந்த மெஷின் வந்தாலும் முதலில் போர்டை வெளியே எடுத்து அட்டை மேல் வைத்துவிடுகிறான், என்னிடம் கேட்பதில்லை. போன வாரம் ஒருவர் அந்த வாடிக்கையாளர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இங்க நம்பிக் கொடுக்கலாம்னு சொன்னார் சார்." மெஷினை வாங்கி நேராகத் தம்பியின் மேஜையில் வைத்துவிட்டேன்.