தற்காலிகப் பணியில் 480 நாள்களை மெய்ப்பித்த அனுபவம்

தமிழ்நாட்டுப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் பணிமனையில் நான் பல ஆண்டுகள் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தேன். மூன்று மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக ஓர் ஆணை, அது முடிந்ததும் ஓரிரு நாள் இடைவெளி, பிறகு அதே வேலைக்கு மீண்டும் புதிய ஆணை. இந்த இடைவெளி நிர்வாக வசதிக்காக விடப்படுவதன்று. தொடர்பணி என்ற உரிமை தொழிலாளிக்கு உருவாகாமல் தடுக்கவே விடப்படுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்கான 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நோய், அனுமதிக்கப்பட்ட விடுப்பு, விபத்து ஆகியவற்றால் நேரும் தடை அத்தொடர்ச்சியை முறிக்காது. எனவே அச்சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட ஆய்வாளரிடம் மனு அளித்தேன்.

நாள்களை மெய்ப்பிப்பதே மிகக் கடினமான பகுதியாக இருந்தது, ஏனெனில் வருகைப் பதிவேடு முழுவதும் நிர்வாகத்தின் கையில் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நகல் கேட்டபோது பழைய பதிவேடுகள் இல்லை என்று பதில் வந்தது. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு சில ஆண்டுகளுக்குரியவை மட்டும் கிடைத்தன. எஞ்சிய காலத்துக்கு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மாதந்தோறும் பதிவாகியிருந்த ஊதியத்தை, பணி ஆணையில் குறிக்கப்பட்டிருந்த நாள்கூலியால் வகுத்து, ஒவ்வொரு மாதமும் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு, வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு அட்டவணையாக்கிக் கொடுத்தோம். இதே நிலையில் இருப்பவர்கள் பணி ஆணைகளையும் ஊதியச் சீட்டுகளையும் இன்றிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

முறையான தேர்வின்றி நியமிக்கப்பட்டவர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பையே நிர்வாகம் திரும்பத் திரும்ப முன்வைத்தது. எங்கள் வழக்கறிஞர், அத்தீர்ப்பு தொழிலாளர் நலச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பறிப்பதில்லை என்று மகாராஷ்டிர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியிருப்பதை எடுத்துக்காட்டினார். பின்னர் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கிலும், நெடுங்காலம் இன்றியமையாத வேலை செய்தவர்களின் கோரிக்கையை மறுக்க உமாதேவி தீர்ப்பைக் கருவியாக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆய்வாளரின் ஆணை எனக்குச் சாதகமாக வந்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்து இடைக்காலத் தடை பெற்றதால் மேலும் காத்திருக்க நேர்ந்தது. அம்மனு தள்ளுபடியான பின்னரே நிரந்தரப் பணியாளர்களுக்குரிய காலமுறை ஊதியத்தில் அமர்த்தப்பட்டேன். 480 நாள்கள் நிறைவடைந்த தேதியிலிருந்து பணிமூப்பைக் கணக்கிட வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆணை பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட முடியும் என்கிறது நிர்வாகம். அந்த வேறுபாட்டுக்குரிய நிலுவைத் தொகைக்கான மனு இப்போது விசாரணையில் இருக்கிறது.